பிள்ளைகளின் பார்வையும் பறிபோன பகற்பொழுதும்

கண்குறைகளுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். அந்தி மயங்கியதும் பார்வை மங்குவதை மாலைக்கண் என்றனர். நாற்பது வயதையொட்டி, கையிலுள்ள நூலின் எழுத்து மங்குவதை வெள்ளெழுத்து என்றும் சாளேசரம் என்றும் வழங்கினர். முதுமையில் வருவது கண்புரை. இவையெல்லாம் எம் இல்லத்து மூதாட்டியர் நாவில் இயல்பாகப் பயின்ற சொற்கள். ஆனால், அண்மையிலுள்ளது தெளிவாகவும் தொலைவிலுள்ளது மங்கலாகவும் தோன்றும் குறைக்குரிய ‘கிட்டப்பார்வை’ என்னும் சொல்லை யாம் பள்ளி அறிவியல் நூலிலேதான் முதன்முதலிற் கற்றோம். அக்குறை இன்று தெருவுக்குத் தெரு சிறுவர் முகங்களில் மூக்குக்கண்ணாடியாக அமர்ந்திருக்கிறது.

எம் இல்லத்திலும் அது புகுந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் பாடம் கைப்பேசியில் நடந்தது. விளையாட்டும் கைப்பேசியில் நடந்தது. யாமோ அடுத்த அறையில் எம் மாணவர்க்கு இணையவழி இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தோம். மகள் ஓசையின்றி இருந்தாள் என்பதே போதுமானதாக இருந்தது. 2021 நவம்பரில் தொடக்கப்பள்ளிகள் மீண்டும் திறந்தபோது, கரும்பலகை எழுத்தை அவள் அருகிருந்த பிள்ளையின் ஏட்டைப் பார்த்தே எழுதுகிறாள் என்று ஆசிரியை சொல்லியனுப்பினார். கண் மருத்துவர் உடனே கண்ணாடி அணியச் சொன்னார். “பெண்பிள்ளைக்கு இந்த வயதிலேயே கண்ணாடியா? நாளை பெண் பார்க்க வருபவர்கள் என்ன சொல்வார்கள்?” என்றார் எம் அன்னையார். முதுகலையும் ஆய்வியல் நிறைஞர் பட்டமும் பெற்ற யாம், அச்சொல்லுக்கு இணங்கி ஆறு திங்கள் காலந்தாழ்த்தினோம். கண்ணாடி அணிந்த அன்று பேருந்து நிலையத்து மணிக்கூண்டைக் காட்டி, “அத்தா, அந்தக் கடிகாரத்துல முள்ளு இருக்கு!” என்றாள். அதுவரை அது முள்ளில்லாக் கடிகாரம் என்றே அவள் எண்ணியிருந்தாள்.

கிட்டப்பார்வை கண்ணின் சோர்வன்று. கண்ணின் வளர்ச்சியிற் பிறக்கும் குறை. பிறந்த குழந்தையின் விழிக்கோளம் முன்பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளமுடையது. வளர்ந்தோர்க்கு அது 24 மில்லிமீட்டர் அளவினது. உருவம் விழித்திரையில் சரியாக விழும் அளவினை எட்டியதும் அவ்வளர்ச்சி அடங்க வேண்டும். அடங்காது கோளம் மேலும் நீளுமாயின், தொலைப்பொருளின் உருவம் விழித்திரைக்கு முன்னரே குவிந்துவிடும். மிகுதியாக நீளும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் மக்கள் ‘பவர்’ எனக் கூறும் அளவு இரண்டரை டயாப்டருக்குக் குறையாமல் ஏறும். நீண்ட கோளம் பின்னர்ச் சுருங்குவதில்லை. ஆறு டயாப்டரைக் கடந்தோர்க்கு, பிற்காலத்தில் விழித்திரை பிரிதல், கண்ணழுத்த நோய் முதலியன வரும் வாய்ப்பும் மிகும். ஆகவே, கண்ணாடி போட்டால் முடிந்தது என்று அமைதலும் தகாது.

இனி, திரைக்கு வருவோம். திரையின் நீலவொளி விழித்திரையை எரித்துவிடும் என்று அஞ்சிச் சிறப்புக் கண்ணாடிகளுக்குப் பொருள் செலவிடுவோர் உளர். அவ்வாறு நேர்கிறது என்பதற்குச் சான்றில்லை. தீங்கு வேறிடத்தில் உள்ளது. அதனை விளக்க ஓர் ஆய்வு துணைசெய்யும். சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன மரபினரான ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வெளிவந்தது. சிங்கப்பூர்ப் பிள்ளைகளில் 29.1 விழுக்காட்டினர்க்குக் கிட்டப்பார்வை இருந்தது, சிட்னியிலோ 3.3 விழுக்காட்டினர்க்கே. மரபே காரணம் எனின், கிட்டப்பார்வையுடைய பெற்றோர் இரு நகரங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தனர். படிப்பே காரணம் எனின், சிட்னிப் பிள்ளைகளே வாரத்தில் மிகுதியான நூல்களைப் படித்தனர்! பெரிதும் வேறுபட்டது ஒன்றே: சிட்னிப் பிள்ளைகள் வாரத்திற்கு 13 மணி நேரத்திற்கு மேல் வெட்டவெளியில் இருந்தனர், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் மூன்று மணி நேரமே.

பகலொளிக்கு இவ்வாற்றல் எங்ஙனம் வாய்த்தது? வீட்டு விளக்கொளி சில நூறு லக்ஸ் அளவினது. திறந்தவெளியிலோ அது பல்லாயிரம். அவ்வொளி விழித்திரையில் டோபமின் என்னும் வேதிப்பொருளை மிகுவித்து, கோளத்தின் நெடுவளர்ச்சியைத் தடுக்கிறது என்பது அறிஞர் பலர் ஏற்கும் விளக்கம். மரநிழலிலும் இவ்வொளி வீட்டினுள் உள்ளதைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆதலின் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பிள்ளையை நிறுத்த வேண்டுவதில்லை, வேப்பமரத்தடி போதும்.

இதனைச் செயலிற் காட்டிய ஊர்களும் உள. சீனாவின் குவாங்சௌ நகரில் பன்னிரண்டு பள்ளிகளில் 2010இல் தொடங்கிய ஆய்வொன்றில், ஆறு பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிட வெளிவகுப்பு கூடுதலாக அளிக்கப்பட்டது. மூன்றாண்டுகளில் அவர்களுள் 30.4 விழுக்காட்டினர்க்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. ஏனைய பள்ளிகளில் 39.5 விழுக்காட்டினர்க்கு வந்தது. தைவான் நாடு, பிள்ளைகள் நாளொன்றுக்கு 120 நிமிடம் வெளியில் இருக்க வேண்டும் என்னும் திட்டத்தை 2010இல் கொணர்ந்தது. பார்வை குன்றிய தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 2011இல் பாதிப்பேராக இருந்தனர். 2015இல் அது 46.1 விழுக்காடாகக் குறைந்தது. சிறு குறைவே எனினும், ஆண்டுதோறும் ஏறிவந்த ஒன்று இறங்கத் தொடங்கியதே பெரிது. ஆயினும், வெட்டவெளி கிட்டப்பார்வை வருமுன் காக்குமேயன்றி, வந்ததை நீக்காது. காலந்தாழ்த்திய எம்போன்றோர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

ஆக, கைப்பேசி செய்யும் தீங்கு இருவகை. பகற்பொழுதைப் பறிக்கிறது; பார்வையைக் கைத்தொலைவிற்குள் கட்டிவைக்கிறது. முன்னாளில் தொலைக்காட்சியைப் பழித்தோம். அதுவாயினும் பத்தடிக்கு அப்பால் இருந்தது. இதுவோ மூக்கின்முன் இருக்கிறது. நூலாயினும் திரையாயினும் பிள்ளையின் கையால் ஒரு முழமேனும் கண்ணிலிருந்து விலகியிருத்தல் வேண்டும். திரையை உற்று நோக்குங்கால் இமைத்தல் பெரிதும் குறைவதால் கண் உலர்ந்து உறுத்தும். இருபது நிமிடத்திற்கு ஒருமுறை, இருபதடிக்கு அப்பாலுள்ளதை இருபது நொடி நோக்கச் செய்தால் அச்சோர்வு தணியும். இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2021இல் வகுத்த நெறியின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே ஆகாது. ஐந்து வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகலாகாது. பத்து வயது வரை இரண்டு மணி நேரத்திற்குள் அடங்க வேண்டும். உறவினரோடு முகம்பார்த்துப் பேசும் அழைப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. வளைகுடாவிலுள்ள தந்தையைத் திரையில் மட்டுமே காணும் பிள்ளைகள் நம்மிடையே எத்துணைப்பேர்! சோறூட்டக் கைப்பேசி காட்டும் வழக்கத்திற்கு எவ்விலக்கும் இல்லை.

கண்ணாடி பற்றியும் சில கூற வேண்டும். அணிந்தால் பவர் ஏறும், ஆகவே குறைத்து அணியலாம் என்பார் பலர். மலேசியாவில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், வேண்டுமென்றே குறைந்த பவர் அணிவிக்கப்பட்ட பிள்ளைகளுக்கே குறை விரைந்து வளர்ந்தது. மற்றொன்று: ஒரு கண் மட்டும் பழுதுற்ற பிள்ளை அதனை எவரிடமும் கூறுவதில்லை; மறு கண்ணால் காண்பதே முழுப்பார்வை என்று அது எண்ணும். ‘சோம்பல் கண்’ எனப்படும் இக்குறையை ஏழெட்டு வயதிற்குள் கண்டால் சரிசெய்தல் எளிது, பின்னர் அரிது. பள்ளியிற் சேர்க்குமுன் ஒருமுறையேனும் இரு கண்களையும் தனித்தனியே சோதித்தல் நன்று.

சமுதாயப் பெரியோர்களிடம் ஒன்றைக் கூறத் துணிகிறோம். வைகறையில் மதரசா, பகலில் பள்ளி, மாலையில் தனிப்பயிற்சி எனப் பிள்ளையின் நாள் முழுதும் கூரையின்கீழ்க் கழிகிறது. இவற்றுள் எதனையும் குறைக்கக் கேட்கவில்லை; மாலைப் பயிற்சியை விளக்கேற்றிய பின்னர்த் தொடங்கினாற் போதும். ஆண்பிள்ளைகள் எவ்வாறேனும் மட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடுவர். பத்து வயதை நெருங்கும் பெண்பிள்ளைகளின் நிலை என்ன? தெருவை மறுத்து, அதற்கு ஈடாகக் கைப்பேசியைக் கொடுக்கிறோம். கண்ணாடி அணிந்தால் மணம் தடைப்படும் எனக் கவலுறும் நாமே, கண்ணாடி வருவதற்குரிய வாழ்வையும் அவர்களுக்கு அமைத்துத் தருகிறோம். மதில் சூழ்ந்த பள்ளித் திடல்கள் நம் ஊர்களில் உள்ளன. மாலை நான்கரைக்கு அவற்றின் கதவுகள் பூட்டப்படுகின்றன. ஒரு மணி நேரம் கழித்துப் பூட்டலாம்.

எம் மகள் இப்பொழுது மாலைதோறும் தம்பியோடு மொட்டைமாடியில் இருக்கிறாள், அதுவும் வெட்டவெளியே. அவளது பவர் கடந்த ஆண்டும் அரை டயாப்டர் ஏறியது. தம்பிக்கு இதுவரை கண்ணாடி தேவைப்படவில்லை. இருவரையும் ஆறு திங்களுக்கு ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். இம்முறை எம் அன்னையாரும் உடன் வருவதாகக் கூறியிருக்கிறார்.