தொண்டைக்கு இதமளிக்கும் சேஜ் இலை: பயனும் அவதானமும்

குளிர்காலம் தொடங்கியதும் தொண்டை நோவுடன் மருந்துக் கடைக்குச் செல்லும் எம்மவர் பலருக்கு, மாத்திரைக்கு முன்பாக ஓர் இலைத் தேநீரின் பெயர் சொல்லப்படுவதுண்டு. யேர்மன் மொழி பேசும் நாடுகளில் அது ‘சல்பாய்’, பிரான்சில் ‘சோஜ்’, இத்தாலியில் ‘சால்வியா’, ஆங்கிலத்தில் ‘சேஜ்’. ‘ஏதோ வெள்ளைக்காரரின் புல்’ என்று இதனை ஒதுக்குவோரும் உளர். ‘இலைதானே, எவ்வளவு குடித்தால் என்ன’ என்று நாள் முழுவதும் அவித்துக் குடிப்போரும் உளர். இரண்டும் தவறு, பின்னையது ஆபத்தானதும்கூட.

சேஜ் எமக்கு முற்றிலும் அந்நியமான செடியன்று. துளசி, தும்பை, புதினா, கற்பூரவள்ளி ஆகியன எத்தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தனவோ, இதுவும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. நாற்பட்டைத் தண்டும் எதிரெதிரே சோடியாக அமைந்த இலைகளும் அந்த உறவைக் காட்டிக்கொடுக்கும். சாம்பல் கலந்த பச்சை இலையில் மெல்லிய உரோமம் படர்ந்திருக்கும். கசக்கினால் கற்பூரம் போன்றதொரு காரமான மணம் எழும். மத்தியதரைக் கடலோரத்துச் சுண்ணாம்புப் பாறைகளே இதன் தாயகம். ‘நலமாக்குதல்’ என்னும் பொருள்தரும் இலத்தீன் வேரிலிருந்தே இதன் பெயர் பிறந்தது. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் கொன்ஸ்ரன்ஸ் ஏரியின் றைக்கனவ் தீவில் வாழ்ந்த துறவி வலாபிரிட் ஸ்ராபோ, தோட்டச் செடிகளைப் பற்றி இயற்றிய கவிதை நூலில் முதலாவதாகப் பாடிய செடி இதுவே. அதே காலத்தில் வரையப்பட்டு, இன்றும் சென் காலன் மடத்து நூலகத்தில் பேணப்படும் மடாலய வரைபடத்திலும் இதற்கென ஒரு பாத்தி ஒதுக்கப்பட்டுள்ளது.

இன்றைய மருத்துவம் இதனை எவ்வாறு நோக்குகின்றது? ஐரோப்பிய மருந்துகள் முகமை 2016இல் வெளியிட்ட மதிப்பீட்டில், வாய், தொண்டை அழற்சி, மிகையான வியர்வை, நெஞ்செரிவு, வயிற்றுப் பொருமல் ஆகியவற்றுக்கு இவ்விலையைப் பயன்படுத்தலாம் என ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. ஆயினும் அந்த ஏற்பு நீண்டகாலப் பழக்கத்தை அடிப்படையாகக் கொண்டதேயன்றி, உறுதியான ஆய்வு முடிவுகளைக் கொண்டதன்று. சுவிற்சர்லாந்தில் 154 நோயாளரிடம் நடத்தப்பெற்று 2009இல் வெளியான ஆய்வொன்று, சேஜும் எக்கினேசியாவும் சேர்ந்த தெளிமருந்து, வழக்கமான தொண்டை மருந்துக்கு ஈடாகத் தொழிற்பட்டதாகக் கூறியது. இரு மூலிகைகள் கலந்திருந்தமையால் அதன் பெருமை முழுவதையும் சேஜுக்கே கொடுத்துவிட முடியாது.

கொப்பளிப்பதற்கு, உலர்ந்த இலை 2.5 கிராம், அதாவது ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி எடுத்து, 100 மில்லிலீற்றர் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து வடிக்க வேண்டும். மூடாவிடின் மணமுள்ள எண்ணெய் ஆவியோடு போய்விடும். வெதுவெதுப்பாக நாளொன்றுக்கு மூன்று தடவை கொப்பளித்துத் துப்பிவிடலாம். குடிப்பதாயின் 150 மில்லிலீற்றருக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் போதும். அதுவும் மூன்று கோப்பைக்கு மேற்படலாகாது. ஒரு வாரத்தில் தொண்டை நோவு குறையாவிடின், அல்லது காய்ச்சல் கண்டால், மருத்துவரையே நாட வேண்டும்.

இனிக் கூறப்போவதைத் தாய்மார் கவனமாக வாசிக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சேஜ் தேநீர் அருந்தலாகாது. தாய்ப்பாலை வற்றச் செய்வதற்கென்றே ஐரோப்பியப் பெண்கள் இதனைக் குடித்து வந்துள்ளனர். தடிமன் பிடித்த பிள்ளைத்தாய்ச்சிக்கு ஊரில் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பது போல, இங்கே பக்கத்து வீட்டார் அன்போடு தரும் இவ்விலையை அவித்துக் கொடுத்துவிடக் கூடாது. 18 வயதிற்குட்பட்டோருக்கும், போதிய ஆய்வுகள் இல்லாமையால், மருந்தாக இது பரிந்துரைக்கப்படவில்லை.

இவ்விலையின் எண்ணெயில் ‘துயோன்’ என்னும் பொருள் உண்டு. அளவு மிஞ்சினால் அது நரம்பு மண்டலத்தைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும். நாளொன்றுக்கு 6 மில்லிகிராமிற்குக் குறைவாகவே அது உடலிற் சேர வேண்டும் என்பது மேற்குறித்த முகமையின் வரையறை. சிறு போத்தல்களில் விற்கப்படும் சேஜ் எண்ணெயைத் துளியேனும் விழுங்கலாகாது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள், போரிலே தலையிற் காயம்பட்டு அதற்கு மருந்து உண்பவர்கள் உட்பட, இம்மூலிகையை மருந்தாக உட்கொள்ளாமலே விடுவது நன்று. மருத்துவர் ‘வேறென்ன உட்கொள்கிறீர்கள்?’ என்று வினவும்போது இலைத் தேநீரையும் சொல்லுங்கள். மொழி தெரியாவிடின் அந்தப் பொதியையே எடுத்துச் சென்று காட்டலாம்.

சமையலில் நாலைந்து இலை சேர்ப்பதற்கு இவ்வளவு அச்சம் தேவையில்லை. இத்தாலியர் வெண்ணெயில் இலையை மொறுமொறுப்பாகப் பொரித்து மாவுணவின் மேல் ஊற்றுவர். ஆங்கிலேயர் வெங்காயத்துடன் சேர்த்து வாத்துக்குள் அடைப்பர். சுவிஸ் மக்கள் காம்போடு கூடிய இலையை மாக்கரைசலில் தோய்த்துப் பொரித்து, காம்பு வாலைப் போல் நீண்டிருப்பதால் ‘சுண்டெலி’ என்று செல்லமாக அழைப்பர். அதைப் பார்க்கும் எவருக்கும் எங்கள் பஜ்ஜியே நினைவுக்கு வரும்! கோதுமை மாவுக்குப் பதிலாகக் கடலை மாவும் சிறிது மிளகாய்த்தூளும் சேர்த்துப் பாருங்கள். பிள்ளைகள் விரும்பி உண்பர். உலர்ந்த இலைக்கட்டை உடுப்பு அலுமாரியில் வைத்தால் அந்துப்பூச்சி அணுகாது என்பர். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. மணம் மட்டும் நிச்சயம்.

தொடர்மாடியில் வாழ்பவரும் இதனை வளர்க்கலாம். வெயில் படும் பல்கனியும் அடியில் துளையுள்ள மண்சட்டியும் போதும். வீட்டுத்தோட்ட மண்ணுடன் மூன்றிலொரு பங்கு மணல் கலந்துகொள்ளுங்கள். கறிவேப்பிலையைப் போல இதனைக் குளிருக்கு அஞ்சி வீட்டுக்குள் தூக்க வேண்டியதில்லை. பனியைத் தாங்கும், தேங்கிய நீரைத்தான் தாங்காது. மேல்மண் காய்ந்த பின்னரே தண்ணீர் விட வேண்டும். பூக்குமுன் பறித்த இலையை நிழலிற் கட்டித் தொங்கவிட்டு உலர்த்துக; சில தண்டுகளைப் பூக்க விட்டால் தேனீக்கள் தேடி வரும். இளவேனிலில் செடியைக் கத்தரிக்கும்போது இலையற்ற முதிர்ந்த கட்டையில் வெட்டினால் மீண்டும் துளிர்ப்பது அரிது. நான்கைந்து ஆண்டுகளில் செடி கட்டை பற்றிவிடும். அதற்கு முன்பே, வைகாசி, ஆனி மாதங்களில், பத்துச் சென்ரிமீற்றர் நீளமுள்ள இளந்தண்டுகளை வெட்டி, கீழிலைகளை நீக்கி, ஈரமணலில் ஊன்றி நிழலில் வைத்தால் சில வாரங்களில் வேர்விடும்.