பாம்பன் பாலம் திறந்த நாள்

பாலம் என்பது இரு கரைகளை இணைப்பது என்று சிறுவரும் சொல்லுவர். ஆயின், கடலின் மேல் அமைந்த பாலத்துக்கு இன்னுமொரு கடமை உண்டு. கப்பல் வரும்போது அது விலகி வழிவிடவும் வேண்டும். இவ்விரு கடமைகளையும் நூறாண்டுக்கு மேலாக ஆற்றிய பாலமொன்று பாக்கு நீரிணைக்கு அப்பால், மண்டபத்துக்கும் இராமேசுவரத் தீவுக்கும் நடுவே நின்றது. அதுவே புகழ்பெற்ற பாம்பன் பாலம்.

கொழும்புத்துறையிலே பிறந்து வளர்ந்த எமக்குப் பாம்பன் புதிய பெயரன்று. தலைமன்னாரிலே கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து புகையிரதத்திற் பாம்பனைக் கடந்து மதுரைக்கும் சிதம்பரத்துக்கும் சென்று மீண்ட பெரியோர் பலர் எம் அயலில் வாழ்ந்தனர். அவர்கள் வாயாற் கேட்ட பாலத்தைக் கண்ணாற் காணும் பேறு, 2020ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்தபின் மேற்கொண்ட இராமேசுவர யாத்திரையின்போது எமக்கு வாய்த்தது. மறுநாட் கப்பலொன்று பாலத்தைக் கடக்கவிருப்பதாகப் பாம்பனில் மீனவர் ஒருவர் கூறினார். உடனே அந்த நாள் முழுவதையும் அதற்கென ஒதுக்கினோம்.

கப்பலைப் படம் பிடிக்க ஏற்ற இடம் புகையிரதப் பாலத்தின் அருகே உயர்ந்து செல்லும் வீதிப் பாலமாகும். இது 1988 ஒக்டோபர் 2ஆந் திகதி திறக்கப்பட்டது. இதன்மேல் நின்றால் இருபுறக் கடலும் இரும்புப் பாதையும் கீழே விரிந்து தெரியும். காலை வெயில் சாய்வாக விழும்போதே அங்குச் சென்றுவிட்டோம். ஆனாற் கப்பலோ நங்கூரமிட்டுக் காத்து நின்றது. புகையிரதம் கடந்து போகவேண்டும். நீரோட்டமும் காற்றும் இசையவேண்டும். துறைமுக அலுவலர் அனுமதி தரவேண்டும். பத்தாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்த எமது மகன் பொறுமையிழந்து, கடற்பறவைகளையும் வள்ளங்களையும் படமெடுத்துப் பொழுதைப் போக்கினான்.

நண்பகல் அணுகும் வேளையிற் பாலத்தின் நடுப்பகுதி மெல்ல அசைந்தது. ஒவ்வொன்றும் நானூறு தொன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள இரண்டு இரும்புக் கதவுகள் வானை நோக்கி எழுந்தன. இது அமெரிக்கப் பொறியியலாளர் ஷெர்சர் வகுத்த முறை. கதவின் அடிப்பகுதி சக்கரத்தின் ஒரு துண்டுபோல வளைந்திருக்கும். அது பின்னோக்கி உருளும்போது முன்பகுதி தானே உயரும். மறுபுறத்தில் உள்ள எதிரெடை அதன் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். ஆகையால் மின்விசையின்றி, தொழிலாளர் சிலர் கைப்பிடிகளை இயக்கியே அதனைத் திறந்துவந்தனர்.

திறந்த வாயிலினூடே இழுவைக் கப்பலொன்று முன்னே செல்ல, அதன் பின்னே பெரிய மிதவைக் கலம் அசைந்து வந்தது. மாகடலிற் செல்லும் பெருங்கப்பல்கள் இவ்வழி வருவதில்லை. கடல் ஆழமற்றதாகையால் அவை இலங்கையைச் சுற்றியே செல்கின்றன. எனினும் அக்குறுகிய வாயிலில் அம்மிதவை மலைபோலத் தோன்றியது. அது கடந்ததும் மீன்பிடிப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்தன. பின்னர் கதவுகள் தாழ்ந்தன. பாதை மீண்டும் ஒன்றாயிற்று.

விடுதிக்குத் திரும்பிப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கலம் நடு வாயிலில் நிற்கும் படமே சிறந்தது என எண்ணியிருந்தோம். ஆனால் எம் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. எழுந்து நிற்கும் இரும்புக் கதவின் அடியிலே, எறும்புபோற் சிறுத்த மனிதர் சிலர் கைப்பிடிமேற் சாய்ந்து உழைத்துக்கொண்டிருந்தனர். பாலத்தின் பெருமையை அளக்கும் அளவுகோலாக அவர்கள் அமைந்தனர்.

அப்பாலத்தின் வரலாறும் உழைப்பின் வரலாறே. 1914 பெப்ரவரி 24ஆந் திகதி அது திறக்கப்பட்டது. அதன்பின் சென்னையிலிருந்து கொழும்புவரை செல்லும் போட்மெயில் பயணம் இரு நாடுகளையும் இணைத்தது. 1964 டிசம்பர் 22ஆந் திகதி இரவு அடித்த சூறாவளி தனுஷ்கோடியை அழித்து, நூறு பேருக்கு மேல் இருந்த புகையிரதமொன்றையும் விழுங்கியது. பாலத்தின் இரும்பு உத்தரங்களிற் பெரும்பாலானவை கடலுட் சென்றன. திறக்கும் நடுப்பகுதி மாத்திரம் தப்பியது. இளம் பொறியியலாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் மீண்டும் எழுந்தது. தனுஷ்கோடியோ மீண்டும் ஊராகவில்லை. கப்பல் இராமேசுவரத்திலிருந்து சிலகாலம் ஓடி, 1980களில் ஈழத்தில் மூண்ட போரோடு நின்றுபோயிற்று.

பழைய பாலத்திற் புகையிரதப் போக்குவரத்து 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அதனருகே அமைந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆந் திகதி திறக்கப்பட்டது. அதிலே 72.5 மீற்றர் நீளமான நடுப்பகுதி பிளவுபடுவதில்லை. மின்விசையால் முழுவதாகவே 17 மீற்றர் உயரத்துக்கு மேலெழும். கைப்பிடி பிடித்த மனிதருக்கு அங்கே வேலையில்லை.

எனவே மாணவர்களுக்கு நாம் கூறுவது இதுதான். புதிய பாலத்தை எவரும் எந்நாளும் படம் பிடிக்கலாம். ஆனாற் பழைய பாலத்தின்மேற் போட்மெயிலிற் பயணஞ் செய்தோர் இப்போது முதுமையின் எல்லையில் இருக்கின்றனர். உங்கள் வீட்டிலோ அயலிலோ அத்தகைய தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அருகில் அமர்ந்து கேளுங்கள். எந்த ஆண்டிற் சென்றார்கள், கப்பலில் என்ன உண்டார்கள், பாலத்தின்மேல் வண்டி ஊர்ந்தபோது என்ன நினைத்தார்கள் என்று எழுதிவையுங்கள். அவர்களையும் ஒரு படம் எடுத்து, அந்த ஏட்டிலே ஒட்டிவிடுங்கள்.