உதிர்ந்த மாங்காயிற் சட்னி செய்தல்

கமக்காரரே! காற்றுக்கு உதிர்ந்த முற்றிய மாங்காய்களை எருக்குழியிற் கொட்டிவிட வேண்டாம். சட்னியாக்கினால் மாதக்கணக்கில் உண்ணலாம். மிஞ்சியதை விற்கவுங் கூடும். புழு வைத்த காய்களை மாத்திரம் ஆழப் புதைத்துவிடுக. இன்றேல் அடுத்த காய்ப்பையும் பழ ஈ கெடுக்கும்.

தோல் சீவி, அடிபட்ட பகுதியை வெட்டி நீக்கிய சதை 1 கிலோகிராமைச் சிறிது நீரிற் குழைய அவித்து மசிக்குக. சீனி 750 கிராம், வினாகிரி 250 மில்லிலீற்றர், இடித்த இஞ்சி 30 கிராம், உப்பு 2 தேக்கரண்டி சேர்க்குக. கறுவாப்பட்டை ஒன்றையும் கராம்பு ஆறையும் துணியில் முடிந்து உள்ளே இட்டு, மெல்லிய நெருப்பிற் கிண்டுக. கராம்பு மிகுந்தாற் கசக்கும். புளிப்பு உலோகத்தை அரிக்குமாதலால் அலுமினியம், செம்பு, பித்தளை ஆகா, மண்சட்டியே நன்று.

அகப்பை இழுத்த தடம் உடனே மூடாதிருப்பின் அதுவே பதம். முடிச்சை எடுத்துவிட்டு, கொதிநீரில் அவித்த போத்தலிற் சூட்டோடு நிரப்பி இறுக மூடுக. குளிர்ந்த போத்தல் வெடிக்கும். திறந்தபின் ஈரக் கரண்டி படலாகாது, பூஞ்சணம் பிடிக்கும்.