காற்றில் நிற்கும் சேதி

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் தாண்டிப் போடிமெட்டுக்கு ஏறும் சாலையில், ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு ஏறக்குறைய நேர் மேலேயே அடுத்த வளைவு வந்துவிடும். மேல் வளைவுக்கான எச்சரிக்கை கீழே போகிறவருக்குத் தெரிந்து பயனில்லை. கைப்பேசிக் கேமராவை உயர்த்தினால் அந்தந்த இடத்துக்குரிய சேதியைக் காற்றில் காட்டும் ஆக்மென்டட் ரியாலிட்டிக்கு இந்தச் சரிவு கடினமான தேர்வுக்களம்.

இந்த நுட்பம் புதிதல்ல. 1997இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஃபைனரின் குழு, முதுகில் கணினியைச் சுமந்து வளாகத்தில் நடந்தது. தலையில் அணிந்த திரையில் கட்டடங்களின் பெயர்கள் அவற்றின் மீதே தெரிந்தன. 2009இல் வந்த ஜப்பானின் செக்காய் கேமரா செயலியில் யார் வேண்டுமானாலும் ஓரிடத்தில் சேதி விட்டுச்செல்ல முடிந்தது.

இப்படிச் சேதி காட்டக் கைப்பேசி முதலில் அறியவேண்டியது, தான் இருக்கும் இடம். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் நான்கின் சமிக்ஞையாவது கிடைக்க வேண்டும். அது வந்துசேரும் நேரத்தை வைத்தே தூரம் கணக்கிடப்படுகிறது. ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் 300 மீட்டர் பிசகும். இதற்கு டவர் தேவையில்லை, திறந்த வானம் போதும். இந்த மலையின் ஏலக்காய்த் தோட்டங்களில் அந்த வானம்தான் அரிது. நிழல்மரங்களின் ஈர இலைகள் சமிக்ஞையை மங்கச்செய்கின்றன. பாறையில் பட்டுத் திரும்பும் சமிக்ஞை தாமதமாக வந்து கணக்கைக் குழப்புகிறது.

அடுத்தது திசை. காந்த உணரி 5 பாகை தவறினால், 100 மீட்டர் தொலைவில் சேதி ஏறக்குறைய 9 மீட்டர் தள்ளி நிற்கும். நகரத்தில் இதைக் கேமரா திருத்துகிறது. கூகுள் 2019இல் வரைபடத்தில் சேர்த்த லைவ் வியூ, எதிரே தெரியும் கட்டடங்களைச் சேமித்துவைத்த தெருப்படங்களுடன் ஒப்பிடுகிறது. காற்றில் ஆடும் இலைகளையும் வளரும் செடிகளையும் வைத்து அப்படி ஒப்பிடுவது கடினம்.

உயரத்தை அறிய மட்டும் மலையே கைகொடுக்கிறது. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால்தான் நமக்குக் காது அடைக்கிறது. பல கைப்பேசிகளில் உள்ள அழுத்தமானி, ஓர் ஆள் உயர ஏற்றத்தையே உணரக்கூடியது. வானிலையாலும் அழுத்தம் மாறும் என்பதால், முந்தலில் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் மேல் வளைவையும் கீழ் வளைவையும் பிரித்தறியலாம்.

2018 மார்ச் 11 அன்று போடிநாயக்கனூர் அருகிலுள்ள குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீ 20க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோனது. ஒரு செயலி அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த நுட்பம் இந்த மலைக்கு வரும்போது எதற்கு முதலிடம் தரவேண்டும் என்பதில் ஐயமில்லை. விளம்பரத்துக்கு முன், இறங்கும் பாதையும் தண்ணீர் இருக்கும் இடமும் தீக்காலத்தில் நுழையக் கூடாத காய்ந்த புல்சரிவும் தெரியட்டும். அந்தச் சேதிகளை அடிவாரத்திலேயே இறக்கிக்கொள்ள வழிசெய்தால், டவர் கிடைக்காத இடத்திலும் அவை உதவும்.