சுருக்கம் விழவே கூடாத துணி!

கட்டுகிற புடவையில் சுருக்கம் விழுந்தால் இஸ்திரி போட்டுக்கொள்ளலாம். காற்றாலை இறக்கைக்குள் இருக்கும் துணியில் சுருக்கம் விழுந்தால்?

இறக்கைக்குள் துணியா என்று ஆச்சரியப்பட வேண்டாம். பார்க்க இரும்பு போலிருந்தாலும், பெரிய காற்றாலைகளின் இறக்கைகள் கண்ணாடி இழைத் துணியால்தான் உருவாகின்றன. பிரான்ஸின் ஷெர்பூர் நகரில் உள்ள எல்.எம். விண்ட் பவர் தொழிற்சாலையில் 2019-ல் தயாரான இறக்கையின் நீளம் 107 மீட்டர். அன்றைக்கு உலகிலேயே மிக நீளமான இறக்கை அதுதான். கண்ணாடி இழையோடு கார்பன் இழையும் சேர்த்துச் செய்தது.

எப்படிச் செய்கிறார்கள்? படகு போன்ற நீண்ட அச்சில் துணியை அடுக்கடுக்காக விரிப்பார்கள். மேலே பிளாஸ்டிக் உறை போர்த்தி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். அந்த வெற்றிடம் திரவப் பிசினை உள்ளே இழுக்க, ஒவ்வோர் இழையும் நனையும். பிசின் இறுகியதும் துணி கல் போலாகிவிடும். பெரும்பாலும் இப்படிச் செய்த இரண்டு பாதிகளை ஒட்டித்தான் ஓர் இறக்கை உருவாகிறது.

இங்கேதான் சுருக்கம் வில்லனாகிறது. நேராக இருக்கும்வரைதான் இழைக்கு முழு பலம். மடங்கினால் அந்த இடம் பலவீனமாகும். இறக்கையோ 20 வருடங்களில் கோடிக்கணக்கான முறை சுழல வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அதன் மேல் விழும் பாரம் மாறிக்கொண்டே இருக்கும். ஒளிந்திருக்கும் சுருக்கத்தில் விரிசல் தொடங்கினால் ஆபத்து. பிசின் இறுகிய பிறகு நீவிவிடவும் முடியாது. வெட்டியெடுத்துத்தான் பழுதுபார்க்க வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் மெஷினிடம் விட்டுவிடலாமே? போயிங் 787 விமானத்தின் உடற்பகுதியில் இழை நாடாக்களை மெஷின்கள்தான் சுற்றுகின்றன. ஆனால், அந்த நாடா முன்பே பிசின் ஊறியது. வைத்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். இறக்கைத் துணி உலர்ந்தது. வழுக்கும், வளைவுகளில் மடியும். பழகிய கை அதைத் தொட்டவுடன் உணர்ந்து நீவிவிடும். மெஷினுக்கு அது சுலபமில்லை. விமானத்துக்குச் செய்யும் அளவு செலவைக் காற்றாலை தாங்கவும் தாங்காது.

ஆனாலும் முயற்சிகள் நிற்கவில்லை. ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம், இறக்கைத் தயாரிப்பைத் தானியங்கியாக்க 'பிளேடுமேக்கர்' என்ற திட்டத்தையே நடத்தியது. அச்சின் மேல் பாலம் போல நகர்ந்து துணிச்சுருளை விரிக்கும் மெஷின்கள் வந்திருக்கின்றன. எந்தத் துணி எங்கே வர வேண்டும் என்று மேலிருந்து லேசர் கோடு காட்டுகிறது. சுருக்கத்தைக் கேமரா தேடுகிறது.

தொழிலாளர்களுக்கும் இதில் நிம்மதி உண்டு. கனமான சுருளைத் தூக்குவதும், அச்சுக்குள் மணிக்கணக்கில் குனிந்து நிற்பதும் குறையும். ஆட்கள் குறைந்துவிடுவார்களோ என்ற கவலையும் கூடவே வரும். இப்போதைக்கு, சுருளை மெஷின் விரித்தாலும் சுருக்கத்தை நீவிவிடப் பல இடங்களில் மனிதக் கைதான் வேண்டியிருக்கிறது!