நாக முலாம் பூசிய இரும்பும் கான்கிரீட்டும்

சங்கத்தின் களஞ்சியத்திற்குக் கம்பங்கள் நடும்போதும், தண்ணீர்க் குழாய்களைத் தளத்திற் புதைக்கும்போதும் ஒரு சந்தேகம் எழுவதுண்டு. துத்தநாக முலாம் பூசிய இரும்பைச் சிமெண்டு தின்றுவிடும் என்பர் சிலர். முலாம் இருக்கையில் எவ்விதப் பயமும் இல்லை என்பர் வேறு சிலர். இரண்டிலும் பாதியே உண்மை.

நீர் கலந்த சிமெண்டு, சுண்ணாம்பைப் போலவே கடுங்காரமுடையது. துத்தநாகம் காரத்தில் கரையும் இயல்பினது. ஆதலால் ஈரக் கான்கிரீட்டில் முலாமின் மேற்பரப்பு சிறிது கரைந்து, ஹைட்ரஜன் வாயு குமிழிகளாக வெளிப்படும். அஃதோடு காரியம் நின்றுவிடுகிறது. கரைந்த நாகம் சுண்ணாம்புடன் கூடி மெல்லிய படலமாகப் படிந்து, எஞ்சிய முலாமைக் காக்கிறது; கான்கிரீட் இறுகியபின் கரைதலும் பெரும்பாலும் ஓய்கிறது. அலுமினியம் அப்படியன்று. ஈரமுள்ள வரையில் அது அரிபட்டுக்கொண்டே இருக்குமாதலால், தார் பூசாமல் அதனைப் புதைத்தல் தகாது.

இனி, முலாமுக்குப் பணம் செலவிடுவது அவசியமா என்பதே கேள்வி. சாதாரண இரும்புக் கம்பியையும் அக்காரமே துருவினின்று காக்கிறது. உள்நாட்டுக் கிராமங்களில் நெருக்கமாக இடித்து, ஏழு நாளேனும் ஈரம் குன்றாமல் காத்து, கம்பியின்மேல் ஓர் அங்குலக் கனம் விட்ட கான்கிரீட்டினுள் முழுதும் மறையும் கம்பிக்கு முலாம் வீண் செலவே. கடலோரத்தின் நிலைமை வேறு. உப்பு உட்புகுந்தால் இரும்பு துருவேறிப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். நாகம் உப்பை அதிகம் தாங்கும். அதன் கசடும் அவ்வளவு பருப்பதில்லை. அங்கும் கடல்மணலைக் கலந்து கட்டிவிட்டு முலாமை நம்புவது பேதைமை.

கம்பங்கள் பெரும்பாலும் கெடுவது கான்கிரீட்டினுள் அன்று. அதைவிட்டு வெளிவரும் இடத்திலேயே. மழைநீர் தேங்கிச் சேறு படிய, முலாம் அங்கே முதலில் அழிகிறது. கான்கிரீட்டைத் தரைமட்டத்திற்கு இரண்டு அங்குலம் மேலே எழுப்பி, நாற்புறமும் சரிவாக முடிக்க வேண்டும். அவ்விடத்தில் மேலும் கீழும் சில அங்குலம் தார் பூசுதல் நலம்.

முலாம் பூசிய கம்பத்தை உள்ளேயுள்ள வெற்றிரும்புக் கம்பியோடு பிணைத்தலும் கூடாது. ஈரத்தில் நாகம் தன்னை அழித்து அவ்விரும்பைக் காக்க முற்படும். செம்போடு சேர்ந்தால் இன்னும் விரைவில் அழியும். பற்றவைத்த இடத்தில் முலாம் எரிந்துபோயிருக்குமாதலின், நாகப்பொடி கலந்த வர்ணத்தை அங்கே பூசிய பின்னரே நட வேண்டும்.