பேர்சி ஜூலியன்: ஓர் இரசாயனவியலாளரின் தொழில்வாழ்வும் சமூகத் தளமும்

விஞ்ஞானியின் வரலாற்றைத் தனிமனித மேதாவிலாசத்தின் வரலாறாக எழுதுவதே வழக்கம். ஆய்வுகூடம் எவருக்குச் சொந்தம், மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, ஆய்வாளனின் உழைப்பை விலைக்கு வாங்கியவர் யார் என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை. இலக்கியகர்த்தாவை அவன் காலத்துச் சமூக உறவுகளில் வைத்து நோக்கப் பழகிய நாம், விஞ்ஞானியை மட்டும் அதற்கு விலக்காகக் கொள்வதற்கு நியாயமில்லை. இவ்வகையில், அமெரிக்கக் கறுப்பின இரசாயனவியலாளரான பேர்சி ஜூலியனின் (1899-1975) தொழில்வாழ்வு நோக்கற்பாலது.

அலபாமா மாநிலத்தின் மொன்ற்கொமரியில், அடிமைத்தளையில் கிடந்தோரின் வழியில் பிறந்தவர் ஜூலியன். இந்தியானாவின் டிபோ பல்கலைக்கழகத்தில் 1920இல் முதன்மை மாணவராகத் தேறினார். 1923இல் ஹார்வாட்டில் முதுமாணிப் பட்டம் பெற்றார். கலாநிதிப் பட்டத்துக்கோ அவர் கடல் கடக்க நேர்ந்தது. வெள்ளை மாணவர் கறுப்பரிடம் கற்க உடன்படார் என்று கருதப்பட்டமையால் ஹார்வாட்டில் அவருக்குப் போதனை உதவியாளர் பதவி கிட்டவில்லை. 1931இல் வியன்னாவில், தாவர அல்கலொயிட்டுகளை ஆராய்ந்த ஏர்ன்ஸ்ற் ஸ்பேத்திடம் அப்பட்டத்தைப் பெற்றார்.

தாயகம் மீண்டபின், வியன்னாவில் அறிமுகமான யோசப் பிக்கிளுடன் சேர்ந்து டிபோவில் அவர் நிகழ்த்திய பிசொஸ்திக்மின் தொகுப்பே சேதன இரசாயனத்தில் அவருக்கு நிலையான இடத்தைத் தேடித்தந்தது. மேற்கு ஆபிரிக்காவின் கலபார் அவரையிலுள்ள இந்த அல்கலொயிட்டு, குற்றவாளியைக் காணும் நஞ்சுச் சோதனைக்கு ஒருகாலத்தில் அம்மக்களிடையே பயன்பட்டது. பின்னர் கண்ணழுத்த நோய்க்கு மருந்தாயிற்று. ஒக்ஸ்போட்டின் ரொபேட் றொபின்சன், இம்மூலக்கூற்றை ஆக்கும் வழியிலுள்ள எசரெத்தோல் என்னும் இடைநிலைப் பொருளைத் தாம் ஆக்கிவிட்டதாக அறிவித்திருந்தார். ஜூலியன் ஆக்கிய பொருளோ அதனோடு ஒத்துவரவில்லை. இருவருள் ஒருவர் தவறியிருக்க வேண்டும். இயற்கைப் பொருளிலிருந்து பெற்றதன் பெறுதிகளோடு உருகுநிலைகளை ஒப்புநோக்கித் தமது பொருளே சரியானதென ஜூலியன் 1935இல் நிறுவினார். பேராசிரியப் பதவியற்ற ஒருவர், துறையின் முடிசூடா மன்னர் ஒருவரை எதிர்த்து அச்சில் எழுதியமை சாதாரண துணிவன்று.

ஆயினும் டிபோ அவரைப் பேராசிரியராக்க மறுத்தது. டியூபொன்ற் நிறுவனம் பிக்கிளுக்கு வேலை கொடுத்தது, ஜூலியனுக்குக் கொடுக்கவில்லை. விஸ்கொன்சினின் அப்பிள்ற்றன் நகரிலிருந்த காகித இரசாயன நிறுவகம் அவரை விரும்பியபோது, கறுப்பர் அங்கு இரவு தங்கலாகாது என்ற நகரவிதி குறுக்கே நின்றது. ஈற்றில் 1936இல் கிளிடன் என்னும் நிறவண்ண நிறுவனம் சிக்காகோவிலிருந்த தனது சோயாப் பிரிவின் ஆய்வுப் பணிப்பாளராக அவரை நியமித்தது. இதைத் தாராண்மை என்று கூறுவார் உளர். மலிவான அவரையிலிருந்து இலாபம் காணும் திறமை மூலதனத்துக்குத் தேவைப்பட்டது என்பதே பொருத்தமான விளக்கம்.

சோயாப் புரதம் காகிதப் பூச்சுக்கும், போர்க்காலத்தில் கப்பற்றீயை அணைக்கும் நுரைக்கும் பயன்பட்டது. 1940 அளவில் எண்ணெய்த் தாங்கி ஒன்றினுள் நீர் கசிந்து வெண்பளிங்குகள் தோன்றின. அவை ஸ்திக்மஸ்தரோல் என ஜூலியன் அறிந்துகொண்டார். முன்னர் கலபார் அவரை எண்ணெயிலும் அதே பொருளை அவர் கண்டிருந்தார். ஆகவே இதனைத் தற்செயல் என்று மட்டும் கூறுதல் அரைகுறையான கூற்று. ஸ்திக்மஸ்தரோலில் ஸ்டெரொயிட்டுகளுக்குரிய நான்கு வளையங்களும் ஆயத்தமாக உள்ளன; பக்கச்சங்கிலியே மிகை. வளையத்திலுள்ள இரட்டைப்பிணைப்பைப் புரோமீனால் காத்து, சங்கிலியை ஓசோனால் வெட்டினால் புரொஜெஸ்தரோனுக்கு வழி திறக்கும். ஜேர்மனியில் பூற்றெனான்ற் குழுவினர் 1934இல் ஆய்வுகூடத்திற் செய்ததை ஜூலியன் ஆலையளவுக்கு விரித்தார்.

கொர்ட்டிசோனை அவரே கண்டுபிடித்தார் எனச் சிலர் எழுதுவது பிழை. வாதநோயில் அதன் பயன் 1948இல் மாயோ மருத்துவமனையில் வெளிப்பட்டது. அதற்கு முன்னரே மேர்க் நிறுவனத்தின் சாரெற், மாட்டுப் பித்தநீரின் அமிலத்திலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட படிகளில் அதனை ஆக்கியிருந்தார். 1949இல் ஜூலியன் ஆக்கியது, பதினோராம் காபனில் ஒட்சிசன் இல்லாத அதன் நெருங்கிய உறவான ‘எஸ்’ பொருள். 1952இல் அப்ஜோன் நிறுவனத்தார் பூஞ்சணத்தைக் கொண்டு ஸ்டெரொயிட்டில் அவ்விடத்து ஒட்சிசனை ஏற்றிக்காட்டிய பின்னரே இவ்வகைப் பொருள்களின் பெறுமதி முழுமையாகத் துலங்கிற்று.

ஓக் பார்க்கில் அவர் வாங்கிய வீட்டுக்கு 1950இல் தீவைக்க முயன்றனர். 1951இல் டைனமைற் வீசினர். அவ்வாண்டே சிக்காகோவின் யூனியன் லீக் கழகம் விஞ்ஞானிகளின் மதிய விருந்தொன்றுக்கு அவரை உள்ளே விட மறுத்தது. கிளிடன் ஸ்டெரொயிட்டுத் துறையிலிருந்து ஒதுங்க முனைந்தபோது, 1953இல் அவர் விலகிச் சொந்த ஆய்வுகூடம் நிறுவினார். பிற நிறுவனங்களின் கதவுகள் மூடியிருந்த கறுப்பின இரசாயனவியலாளர் பலர் அங்கு வேலை பெற்றனர். ஆனால் கதவைத் திறப்பதற்கு ஜூலியன் தாமே முதலாளியாக வேண்டியிருந்தது. இம்முரண்பாட்டை அவரது குணவியல்பிலன்றி, அச்சமூகத்தின் உற்பத்தி உறவுகளிலேயே தேடுதல் வேண்டும். அந்நிறுவனம் 1961இல் ஸ்மித் கிளைன் அன்ட் பிரெஞ்சுக்கு 23 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகம் அவரை உறுப்பினராக்கிய 1973இல் அவருக்கு வயது எழுபத்து நான்கு.